பதினோராம் மாடிக் கதவு சொன்ன காரணம்

கோகிலவாணி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் கணவன் முந்திக்கொள்வான். "கதவுகிட்டப் பேசறதுக்குச் சம்பளம் வாங்கறாங்க. வீட்டுல பேசறதுக்கு மட்டும்தான் நேரமில்லை." விருந்தாளிகள் சிரிப்பார்கள். கோகிலவாணியும் சிரித்து வைப்பாள். சொன்னது உண்மை என்பதால் மறுக்க வழியில்லை.

பூட்டுகள் யோசிக்கத் தொடங்கிய பிறகு உண்டான வேலை அது. யோசிக்கிற எந்தப் பூட்டும் தான் செய்த காரியத்துக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்று முதலில் சட்டம் வந்தது. காரணத்தைக் கேட்பதற்கும் ஓர் ஆள் வேண்டுமே என்பது அதற்குப் பிறகுதான் பெரியவர்களுக்கு உறைத்தது. அவசர அவசரமாக ஒரு சின்னப் பிரிவை உண்டாக்கினார்கள். கோவை வட்டாரம் கோகிலவாணியின் தலையில் விழுந்தது.

பூட்டு பொய் சொல்லாது. ஆனால் கேட்டதற்கு மேல் ஒரு சொல் கூடுதலாகவும் சொல்லாது, வக்கீல் தயார்செய்து அனுப்பிய சாட்சியைப் போல. சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் பதில் உண்டு, தெரியாவிட்டால் கதவோடு பேசிய பைத்தியம் என்ற பெயர்தான் மிச்சம். அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்ததே அதனால்தான்.

அந்தத் திங்கட்கிழமை அவள் போனது அவிநாசி சாலைக்குப் பின்பக்கம் இருந்த ஒரு பதினாறு மாடிக் குடியிருப்புக்கு. முந்தைய வெள்ளிக்கிழமை காலையில் அங்கே தீ. பத்தாவது மாடி நடைக்கூடத்தில் யாரோ சார்ஜ் போட்டு வைத்திருந்த ஸ்கூட்டர் பேட்டரி வெடித்துப் புகை மேலேறியது. சாவு எதுவும் இல்லை. ஆனால் பதினோராம் மாடியில் படிக்கட்டுக் கதவு எல்லோருக்கும் திறந்துவிட்டு, ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் வெகுநேரம் திறக்காமல் நின்றது. அந்த ஆள் பூங்கொடி. அந்த மாடியில் சுபத்ரா என்பவர் வீட்டில் பாத்திரம் துலக்கி, சமையலுக்கு அரைத்துக் கொடுக்கிறவள். ஒருவழியாகக் கதவு திறந்து, படியெல்லாம் இறங்கி, தரைத்தளத்துக்கு வந்ததும் மயங்கி விழுந்தாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறாள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சண்முகவடிவேல் ஒரு நூற்பாலையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளுத்த சட்டையும் விபூதியுமாக வந்து அவளைப் பதினோராம் மாடிக்கு அழைத்துப் போனார்.

"மொதல்லெல்லாம் பூட்டு சாதுங்க மேடம்," என்றார். "தீ மணி அடிச்சா அத்தனை கதவும் தானா தொறந்துக்கும். அதைத் தெரிஞ்சுக்கிட்டானுங்க திருட்டுப் பசங்க. ஒரு கத்தை ஊதுபத்தியக் கொளுத்திப் புகைக் கருவிக்குக் கீழ பிடிச்சானுங்க. மணி அடிச்சுது. நாங்கெல்லாம் கீழ எறங்கி வெயில்ல நிக்கறோம், மேல வீடு வீடா வழிச்சுட்டுப் போயிட்டானுங்க."

"மணி அடிச்சாலும் தொறக்காத பூட்டுப் போட்டுப் பார்த்தீங்களா?"

"அப்ப உள்ள கெடந்து வேகறதா? அதனாலதான் இந்த யோசிக்கற பூட்டு. நெஜமான ஆபத்தா, ஏமாத்தான்னு அதுவே பார்த்து முடிவு பண்ணும். ஒவ்வொருத்தரையும் விட்டுட்டு உடனே சாத்திக்கும், படிக்கட்டுக்குள்ள புகை ஏறக் கூடாதுல்லீங்க."

"தொறக்கலைன்னா அமுக்கறதுக்குப் பச்சைப் பொத்தான்?"

"இருந்துச்சுங்க. பசங்க வெளையாட்டா அமுக்கிட்டே இருந்தானுங்க. எடுத்துட்டோம்." அவர் குரலைத் தணித்தார். "இன்னொரு சின்னச் சங்கடமும் இருக்குதுங்க. சுபத்ரா வீட்டு வாசல்ல இருந்த ஒரு ஜோடிச் செருப்பக் காணோம். குதிகால் வலிக்குன்னு டாக்டர் சொல்லி வரவழைச்சது. பூங்கொடி கால்ல அதைப் பார்த்தேன்னு செக்யூரிட்டி சொல்றான். அந்தப் பொண்ணு நான் தொடவேயில்லைங்குது. தீப்பிடிச்ச நேரத்துல இப்படிப் பண்றவள எப்படி வீட்டுக்குள்ள விடறது? வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லியாச்சு. பக்கத்து அபார்ட்மென்ட்டுல இருந்தும் ஆள் எப்படின்னு கேக்கறாங்க. என்னன்னு சொல்றது?"

திருடி என்ற பேர் அந்தத் தெருவில் ஒரு கட்டடத்தில் ஒட்டிக்கொண்டால் மற்றக் கட்டடங்களிலும் ஒட்டிக்கொள்ளும். பூங்கொடிக்கு இனி அந்தச் சாலையில் வேலை இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். கோகிலவாணி அதைக் குறித்துக்கொண்டாலும், செருப்பு தன் வேலையில் சேராது என்றுதான் அப்போது நினைத்தாள்.

படிக்கட்டுக் கதவின் முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். உட்காராமல் முடியாது. கதவின் கண் முழங்கால் உயரத்தில் இருந்தது, அதற்கு மேலே எதையும் அது பார்க்கக் கூடாது என்பது சட்டம். முகத்தைப் பார்த்தால் ஆளைப் பார்த்துத் திறக்கும், ஓரவஞ்சனை வந்துவிடும் என்று நாலு பேர் கூடி நல்ல மனசோடு போட்ட சட்டம். ஆகவே கதவைப் பொறுத்தவரை மனிதர்கள் என்றால் கால்கள்தான். தயாரித்தவர்கள் 'வாயிலோன்' என்று பள்ளிக்கூடத் தமிழில் பேர் வைத்திருந்தார்கள். குடியிருப்பவர்கள் வாட்ச்மேன் என்றார்கள். வட்டாரப் பேச்சையும் பழக்கி அனுப்பியிருந்ததால், கோவைக் கதவு வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டது.

"போன வெள்ளிக்கிழமை தீப்பிடிச்சப்ப பூங்கொடிக்கு ஏன் உடனே தொறக்கல?"

"பேரு எனக்குத் தெரியாதுங்க. நடையைச் சொல்லுங்க."

சண்முகவடிவேல் யோசித்துப் பார்த்து, "எடது காலக் கொஞ்சம் இழுத்து வெக்கும்," என்றார்.

"அவங்களா. தெரியுமுங்க, தெனமும் வருவாங்க. அவங்க பதறலீங்க."

"பதறலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பதறினவங்க செருப்பு மாட்டறதில்லீங்க."

கோகிலவாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் எந்தக் கதவும் அவளிடம் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை. "வெவரமாச் சொல்லு," என்றாள்.

"மாசா மாசம் ஒத்திகை வெப்பாங்க. மணி அடிச்சதும் எல்லாரும் வீட்டு வாசல்ல நின்னு, செருப்பைத் தேடி, ஜோடி பார்த்து மாட்டி, வீட்டைப் பூட்டிட்டு வருவாங்க. ஒருத்தர் கால்ல காபியச் சிந்திட்டே வந்தாருங்க. நெஜமான தீ வந்த கட்டடங்கள்ல அப்படி இல்லீங்க. செருப்பு வாசல்லயே கெடந்துது, ஆளு வெறுங்கால்ல ஓடி வந்தாங்க. நாங்க பல ஊருக் கதவுங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்குவோமுங்க. எல்லாக் கதவும் இதையேதான் சொல்லுச்சு."

யாரும் எழுதிக்கொடுக்காத விதி. கதவு தானாகவே கால்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்தது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு வீட்டுக்குள் போகிற ஊர்களில்தான் இந்தப் பாடம் கிடைக்கும். கோகிலவாணிக்குச் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. செயலாளரைக் கெஞ்சி, ஆபத்தில் ஓடுகிற மாதிரி ஓடி வரச் சொன்னாள். அவரும் தொப்பை குலுங்க, "ஐயோ, தீ" என்று அடக்கமாகக் கூவிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயா பதறலீங்க," என்றது கதவு. "செருப்புல வாரெல்லாம் மாட்டிட்டு வந்திருக்காருங்க."

பிறகு கோகிலவாணி தன் ஷூவைச் சுபத்ரா வீட்டு வாசலில் கழற்றிப்போட்டு வெறுங்காலோடு ஓடினாள். கதவு படக்கென்று திறந்துகொண்டது. சண்முகவடிவேலுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடிந்ததும் அவள் கேட்டாள். "பூங்கொடியும் வெறுங்கால்லதானே வந்தாங்க?"

"ஆமாங்க. அவங்க எப்பவுமே வெறுங்காலுங்க."

அவள் திரும்பிச் செயலாளரைப் பார்த்தாள். செயலாளர் தரையைப் பார்த்தார்.

"அது வந்துங்க, கட்டடம் வந்த காலத்துலருந்து அப்படித்தான். இத்தாலி மார்பிளுங்க. வேலைக்கு வர்றவங்க கீழ சர்வீஸ் லிப்ட் பக்கத்துல ஸ்டாண்டுல செருப்ப விட்டுட்டுத்தான் மேல வரோணும். சுத்தத்துக்காகத்தானுங்க. வேற ஒண்ணும் மனசுல வெச்சுக்கிட்டு இல்லீங்க."

"நீங்க எங்க விடுவீங்க?"

"எங்க வீட்டு வாசல்லதான்."

"இந்த மார்பிள் மேல நடந்து வந்துதான?"

அவர் தொண்டையைச் செருமினார். தன்னைக் கேட்காததால் கதவும் பேசவில்லை.

மிச்சத்தையும் அவள் ஒவ்வொரு கேள்வியாகப் போட்டு வாங்கினாள். இந்தக் கட்டடத்துக்கு வந்த புதிதில் கதவு மிரண்டுபோயிருக்கிறது. எந்த நேரமும் யாரோ வெறுங்காலோடு, வாசலில் செருப்பும் இல்லாமல், வாளியோடும் துடைப்பத்தோடும் நடக்கிறார்கள். ஆபத்து, ஆபத்து என்று நாளெல்லாம் திறந்து திறந்து விட்டிருக்கிறது. திறந்த ஒவ்வொரு முறையும் குடியிருப்பவர்களின் போனில் ஒரு கேள்வி வரும்: நிஜமா, பொய்யா? எல்லோரும் பொய் என்று அமுக்கினார்கள். கொஞ்ச நாளில் கதவு கற்றுக்கொண்டுவிட்டது, இந்தக் கால்களை நம்பக் கூடாது என்று.

"அந்தக் கால்காரங்ககிட்ட நீ கேக்கலையா?"

"அவங்க போன்ல அந்த ஆப் இல்லீங்க. சங்கத்து ஆளுங்களுக்கு மட்டுந்தானுங்க."

மறுநாள் காலை அவள் சங்கனூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் பூங்கொடியைப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இடது பாதத்தில் கட்டு. பேசினால் நடுவே இருமல் வந்தது.

"என்ற தொண்டை இப்ப இப்படித்தானுங்க மேடம். தகரத்துல ஆணி கீறின மாதிரி," என்றாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணும். எனக்கு மட்டும் அது ஏனுங்க தொறக்கல?"

அந்தக் கேள்வியை நாலு நாளாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. கோகிலவாணி ஒளிக்காமல் சொன்னாள். செருப்பு, ஸ்டாண்டு, பொய் பொய் என்று அமுக்கிய போன்கள், எல்லாவற்றையும்.

பூங்கொடி சிரித்தாள், சிரிப்பு இருமலாகி நின்றது.

"அப்ப நான் உசுரக் கையில பிடிச்சுட்டு ஓடி வந்ததும், அதுக்கு நான் தெனமும் வாளி தூக்கிட்டுப் போற மாதிரித்தான் தெரிஞ்சிருக்குது. நான் பின்னால சட்னிக்கு அரைச்சுட்டு இருந்தேனுங்க. மிக்சி சத்தத்துல மணி காதுல விழல. வந்து பார்த்தா வீடே காலி. டிவி மட்டும் ஓடிட்டு இருக்குது. படிக்கட்டுக் கதவத் தட்டறேன், கத்தறேன். அது என்ன சொல்லுச்சு தெரியுங்களா? 'பணியாளர்கள் சர்வீஸ் லிப்ட்டைப் பயன்படுத்துங்க.' தன்மையாத்தான் சொல்லுச்சு. நான் தட்டத் தட்ட அதையே சொல்லுச்சு. லிப்ட்டுத்தான் நின்னுபோச்சே."

அந்த வாக்கியத்துக்கு ஒப்புதல் கொடுத்த கோப்பு கோகிலவாணியின் அலுவலகம் வழியாகத்தான் போயிருக்கும். யாரும் நின்று படித்திருக்க மாட்டார்கள்.

"அப்புறம் எப்படித் தொறந்துச்சு?"

"அதுவா தொறந்துதுங்க."

"நீங்க ஒண்ணும் பண்ணலையா?"

"ஒண்ணும் பண்ணலீங்க." பூங்கொடியின் கண் வீட்டுக்குள் ஆணியில் தொங்கிய ஒரு மஞ்சள் பைக்குப் போய்விட்டு வந்தது. "செருப்பக் கேக்க வந்திருந்தீங்கன்னா, அது எனக்குத் தெரியாதுங்க."

கோகிலவாணி செருப்பைக் கேட்கவே இல்லை.

திரும்பி வரும் வழியில்தான் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. ஏன் திறக்கவில்லை என்று துருவித் துருவிக் கேட்டாளே தவிர, பிறகு ஏன் திறந்தாய் என்று கேட்கவே இல்லை. கெட்டதற்குத்தான் நாம் காரணம் கேட்கிறோம். நல்லது நடந்தால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறோம். தொழில் கற்ற அவளுக்கும் அந்தப் புத்தி போகவில்லை.

வண்டியைத் திருப்பிக்கொண்டு நேரே பதினோராம் மாடிக்குப் போய்க் கதவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"கடைசியில அவங்களுக்கு எதனால தொறந்த? யாராவது கீழ இருந்து தொறக்கச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலீங்க. நானேதான். அவங்க கால்ல செருப்பு இருந்துதுங்க."

"செருப்பு இருந்தா நீ தொறக்க மாட்டியே."

"மத்தவங்களுக்குங்க. அந்தக் கால்ல இத்தனை வருசத்துல ஒரு தடவகூட நான் செருப்பப் பார்த்ததில்லீங்க. அந்தக் கால் செருப்புப் போட்டுட்டு வந்து நிக்குதுன்னா, ஏதோ பெரிய ஆபத்துன்னு தெரிஞ்சுதுங்க. தொறந்துட்டேன்."

கோகிலவாணி எழுந்திருக்கவில்லை. குளிர்ந்த மார்பிளில் அப்படியே உட்கார்ந்திருந்தாள், கண் கலங்கியது. மற்றவர்கள் செருப்பை மறந்தால் ஆபத்து. பூங்கொடி செருப்பை மாட்டினால்தான் ஆபத்து என்று நம்புவார்கள். கதவு குதர்க்கம் எதுவும் பேசவில்லை, கட்டடம் கற்றுக்கொடுத்ததைத்தான் ஒப்பித்தது.

கண்ணைத் துடைத்த பிறகு புத்தி வேலை செய்தது. இதை அறிக்கையில் எழுதினால், செருப்பை எடுத்தது பூங்கொடிதான் என்பதற்குக் கதவே சாட்சி. எழுதாவிட்டால், 'சற்றே தாமதித்துச் சரியாக இயங்கியது' என்று கம்பெனி ஒரு வரி எழுதிக் கதையை முடித்துவிடும். ஸ்டாண்டு அங்கேயே இருக்கும், அடுத்த தீயில் வேறொரு வெறுங்கால் வந்து நிற்கும். எதைச் செய்தாலும் அடி பூங்கொடியின் காலில்தான் விழும். ஆகவே பூங்கொடியைக் கேட்காமல் எதையும் செய்வதில்லை என்று முடிவு செய்து, மறுபடியும் சங்கனூருக்குப் போனாள்.

கதவு சொன்னதைக் கேட்டு முடித்ததும் பூங்கொடி உள்ளே போய் மஞ்சள் பையை எடுத்து வந்தாள்.

"ஜன்னல் கண்ணாடி வெடிச்சு நடையெல்லாம் செதறிக் கெடந்துதுங்கக்கா. கால்ல ஏறிருச்சு." மேடம் எப்போது அக்கா ஆனாள் என்பதை இருவருமே கவனிக்கவில்லை. "சுவத்தத் தடவிட்டுத் திரும்பி வந்தேன். அம்மா வாசல்ல இதான் கெடந்துது. மாட்டறப்பக்கூட மன்னிச்சுக்கோங்கம்மான்னு சொல்லிட்டுத்தான் மாட்டினேன். உள்ள ஆளே இல்ல, யாருகிட்டச் சொன்னேன்னு தெரியல."

"அப்புறம் ஏன் திருப்பிக் குடுக்கல?"

"என்னன்னு சொல்லிக் குடுக்கறது? அவங்க செருப்பு வெச்ச எடத்துல நான் செருப்போட நின்னதில்ல. அவங்க செருப்பையே போட்டுட்டேன்னு எப்படிச் சொல்றது? குடுத்தா எடுத்தவ, குடுக்காட்டித் திருடி. பையில வெச்சுட்டுப் பாத்துட்டே உக்காந்திருந்தேன்."

கோகிலவாணி காத்திருந்தாள். முடிவு பூங்கொடியுடையதாக இருக்க வேண்டும்.

"கதவே சொல்லிருச்சு, இனி நான் என்னத்த மறைக்கறது," என்றாள் பூங்கொடி கடைசியில். "எல்லாருக்கும் தெரியட்டும். ஆனா நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்லல. அந்தக் கதவையே அவங்க முன்னால சொல்ல வையுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. கதவ நம்புவாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோராம் மாடி நடையில் சங்கத்தார் கூடினார்கள். செயலாளர் ஒரு பக்கம், சுபத்ராவும் அவர் கணவரும் ஒரு பக்கம், நாலைந்து நாற்காலிகள். பூங்கொடி லிப்ட் ஓரமாகப் பையோடு நின்றாள், வழக்கம்போல வெறுங்காலோடு. கோகிலவாணி கீழே உட்கார்ந்து அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டாள். கதவு அதே பதில்களைத் தன்மையாகச் சொன்னது. 'பொய்' என்று அமுக்கிய இடம் வந்தபோது இரண்டு பேர் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டார்கள். செருப்பைப் பற்றிய இடம் வந்தபோது யாரும் எதையும் பார்க்கவில்லை.

முதலில் பேசியது சுபத்ரா. ஐம்பது வயதுக்காரர், கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறவர்.

"அன்னிக்குக் கீழ போய் நின்னதும் கால் சுட்டுது. ஐயோ, செருப்ப விட்டுட்டு வந்துட்டமேன்னு நெனைச்சேன்," என்றார். "பூங்கொடி உள்ள இருக்காங்கற ஞாபகம் எனக்கு அதுக்கப்பறந்தான் வந்துது. செருப்புக்கு அப்பறம்."

பூங்கொடி மெல்ல வந்து பையை நீட்டினாள். "கழுவித்தானுங்கம்மா வெச்சிருக்கேன்."

சுபத்ரா பையை வாங்கிக்கொள்ளவும் முடியாமல் வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டியதை அந்தக் கை சொல்லியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

கோகிலவாணி தன் பரிந்துரைகளைப் படித்தாள். உள்ளிருந்து வெளியே போகிற ஆளிடம் எந்தக் கதவும் காரணம் கேட்கக் கூடாது, தள்ளினால் திறக்க வேண்டும் என்பது முதலாவது. அதை அவள் எல்லா அறிக்கையிலும் எழுதுகிறாள். அரசாங்கமும் எல்லா அறிக்கைக்கும் பரிசீலனையில் உள்ளது என்று பதில் எழுதுகிறது. அது வருகிறபோது வரட்டும். இரண்டாவது, கீழே இருக்கிற ஸ்டாண்டை எடுக்க வேண்டும். வேலைக்கு வருகிறவர்கள் செருப்போடு மேலே வந்து, அவரவர் வேலை செய்கிற வீட்டு வாசலில் மற்றவர்களைப் போல விட வேண்டும்.

சண்முகவடிவேல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மில்லில் கூலிப் பேச்சு நடத்திய பழக்கம் அவருக்குக் கை கொடுத்தது.

"நல்லதுதானுங்க அம்மிணி. ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா? அவங்க செருப்புப் போட்டாலே ஆபத்துன்னுதான இந்தக் கதவு நெனைக்குது? நாளைக்கு எல்லாரும் செருப்போட மேல வந்தா, காலையிலருந்து தொறந்துட்டே இருக்குமே?"

"தொறக்குமுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அது பழகற வரைக்கும். அவங்க செருப்போட வர்றது சாதாரண விஷயம்னு அதுக்குத் தெரியற வரைக்கும்."

"அதுவரைக்கும் திருடன் வந்தா?"

"அவங்க இத்தனை வருசம் தீயோட இருந்துட்டாங்க," என்றாள் கோகிலவாணி, கோவைக்காரி என்பதால் குரலை உயர்த்தாமல். "நீங்க கொஞ்ச நாள் திருடனோட இருங்க."

சுபத்ராவின் கணவர் சம்மதம் என்று கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் தூக்கினார்கள். செயலாளர் கடைசியாகத் தூக்கினார், பாதிதான்.

அடுத்த வாரம் பூங்கொடி வேலைக்குத் திரும்பிய நாளில் கோகிலவாணியும் போயிருந்தாள். அவசியமில்லைதான். கதவு என்ன செய்யும் என்று பார்க்காமல் இருக்க அவளால் முடியாது.

லிப்ட் திறந்தது. பூங்கொடி தன்னுடைய நீலநிற ரப்பர் செருப்போடு மார்பிளில் காலை வைத்தாள். வைத்த காலைத் திரும்ப எடுக்கப் பார்த்து, பிறகு வைத்தாள். இரண்டடி நடந்திருக்க மாட்டாள், படிக்கட்டுக் கதவு படக்கென்று திறந்துகொண்டது.

"பயப்படாதீங்க. இந்தப் பக்கமா வாங்க," என்றது கதவு.

தீப்பிடித்த அன்று தப்பித்தவர்களுக்கெல்லாம் அது சொன்ன சொல். பூங்கொடிக்குச் சொன்னதில்லை. அவள் நின்றுவிட்டாள். மேலே எங்கோ இன்னொரு கதவு திறந்தது, கீழே ஒன்று. கட்டடம் முழுக்க வேலைக்கு வந்தவர்களைப் பார்த்துக் கதவுகள் திறந்துகொண்டிருந்தன. சுபத்ரா கையில் போனோடு வாசலுக்கு வந்தார். திரையில் கேள்வி: நிஜமா, பொய்யா? அவர் விரல் பழக்கதோஷத்தில் 'பொய்' பக்கம் போனது. அங்கேயே நின்றது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எதையும் அமுக்காமல் போனை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வா பூங்கொடி," என்றார்.

பூங்கொடி வாசலில் செருப்பைக் கழற்றினாள். எங்கே விடுவது என்று தெரியாமல் தயங்கி, சுபத்ராவின் செருப்புக்குப் பக்கத்தில், ஒரு கை தள்ளி விட்டாள். உள்ளே போனாள். சற்று நேரத்தில் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது.

கோகிலவாணி கதவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"இப்ப அவங்க வெறுங்கால்ல ஓடி வந்தா என்ன பண்ணுவ?"

"தொறந்துருவேனுங்க."

"நீதான் அந்தக் கால நம்ப மாட்டியே."

"இன்னைக்கு அப்படி இல்லீங்க," என்றது கதவு. "செருப்பு வாசல்ல கெடக்குதுங்களே."